கிணற்றில் போட்ட துப்பாக்கிக் கத்தி

கடத்தூர்
14-9-1940

சேலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் சிரஞ்சீவி மைத்துனன் ராஜாமணிக்கு, உன் அக்காள் புருஷன் தர்மன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காள் கோவிந்தம்மாளும் மகள் கண்ணம்மாளும் இன்றைய தேதி வரையில் க்ஷேமம். நாளைக்கு எப்படியோ தெரியாது. அதற்காகத்தான் இக்கடிதம்.

நம் வீட்டுக் கூடத்தில் தொங்கும் பழைய துப்பாக்கியை நீ பார்த்திருக்கிறாய். என் பாட்டன் காலத்தது. குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. முன்பு அரூரில் இருந்த தாசில்தார் ஒருவர் அதைப் பார்வையிட்டு, 'பழம்பொருள், சுடத் தகாது, லைசென்ஸ் வேண்டியதில்லை' என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். இருபது வருஷம் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் கண்ணம்மாளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குப் புத்தி கெட்டது. அரூர் சந்தையில் பழைய இரும்பு விற்பவனிடம், பட்டாளத்தார் துப்பாக்கி முனையில் செருகும் கத்தி ஒன்று கிடந்தது. வாங்கி வந்து மாட்டினேன். அளவெடுத்துச் செய்தாற்போல் உட்கார்ந்தது. வந்தவர்களும் அதைப் பார்த்து மிரண்டு, தை மாதமே கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள், பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த சவுரியப்பன் மோர் குடிக்க வந்தவர், சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, "துப்பாக்கிக்குச் சீட்டு இருக்குதுங்க. கத்திக்கு எங்கீங்க?" என்றார். அதில் சேர்ந்ததுதானே என்றேன். "மாட்டியிருந்தா பழம்பொருளைப் புதுசு பண்ணின மாதிரி, சீட்டு செல்லாதுங்க. கழட்டி வெச்சா அது தனி ஆயுதமுங்க. யுத்த காலம் பாருங்க," என்று சொல்லி, இன்னொரு சொம்பு மோர் கேட்டார். அவர் போனதிலிருந்து எனக்கு இதே வேலைதான். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் கத்தியைக் கழற்றுவேன், அது தபால்காரர் என்று தெரிந்ததும் மாட்டுவேன். கடைசியில் உன் அக்காள் வயலுக்குப் போன சமயம் பார்த்துக் கிணற்றில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான், மறைப்பது அதைவிடப் பெரிய குற்றமாயிற்றே என்று உறைத்தது. தூர் வாரும் மாதேஸைக் கூப்பிட்டு, சொம்பு விழுந்துவிட்டது என்று சொல்லி இறக்கினேன். முங்கி எழுந்தவன் ஒரு கையில் கத்தியும் மறு கையில் வெடிமருந்து வைக்கிற மாட்டுக் கொம்பும் கொண்டுவந்தான். "சொம்பு இல்லீங்க. ஆனா அடியில இன்னும் என்னமோ நீளமாக் கெடக்குதுங்க, எடுக்கட்டுங்களா?" என்றான். வேண்டாம், ஏறி வா என்றேன்.

அந்தக் கொம்பு நம் துப்பாக்கிக்கு உரியதுதான். ஒரு வருஷமாகக் காணோம் என்று தேடிய பொருள். உன் அக்காளைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஜெர்மன் சண்டை ஆரம்பிச்சப்ப நான்தான் கிணத்துல போட்டேன். சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லல," என்கிறாள். அப்படியானால் அந்த நீளமானது என்ன என்றேன். "அது உங்கப்பா போட்டதா இருக்கும்," என்றாள். அவரும் பயந்த மனுஷன்தான் ராஜாமணி, ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கத்தியும் கொம்பும் கேழ்வரகுக் குதிருக்குள் இருக்கின்றன. அந்தக் கேழ்வரகை அரைத்துக் கிண்டிய களி எனக்கு உள்ளே போகமாட்டேன் என்கிறது. நீ உன் வக்கீல் ஐயாவிடம் நல்ல நேரம் பார்த்து, இந்த உதிரிகள் துப்பாக்கியோடு சேர்த்தியா, தனியா, தனி என்றால் எத்தனை வருஷம் என்று கேட்டு எழுது. என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே, யாரோ ஒருவருக்கு என்று கேள். பெண்ணுக்குத் தாலி ஏறும்போது அப்பன் ஜெயிலில் இருந்தான் என்று ஊர் பேசக்கூடாது. படித்ததும் இக்கடிதத்தை அடுப்பில் போடு. நம் நாலு பேரைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது.

தீர்த்தமலையான் உன்னையும் உன் பெண்டு பிள்ளைகளையும் காக்கட்டும். மிச்சம் நேரமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
தர்மன்

பி.கு.: இது மட்டும் என் கையெழுத்து, கோணலைப் பொறுத்துக்கொள். கை நடுக்கத்தால் மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர், எதிர்வீட்டுக்கு நேற்றுக் குடிவந்த குப்புராஜ். ஊருக்குப் புதியவர், இங்கே யாரையும் தெரியாது என்றுதான் அவரைப் பிடித்தேன். முத்துமுத்தான எழுத்து. இடையில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்த பிறகு என்ன உத்தியோகம் என்று விசாரித்தேன். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராம். "நகல் ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்கிறார். நீ வக்கீல் ஐயாவிடம் என் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.