சாக்குமொட்டை

திருத்தணியில் பொய் சொல்லித் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. முருகனுக்குப் பயந்து என்று நினைத்துவிடாதீர்கள். முருகன் மன்னித்துவிடுவார், ஜெராக்ஸ் நைனா அந்தப் பொய்க்கு ஒரு பேர் வைத்துவிடுவார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மிஷின், அதன் பின்னால் மிஷினைவிட ஒல்லியாக ஒருவர். ஊரே நைனா என்று கூப்பிட்டதில் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. "நான் எடுக்கறதெல்லாம் காப்பி, சொல்றதெல்லாம் ஒரிஜினல்" என்பார்.

ரயில் சென்னை வில்லிவாக்கத்தைக்கூடத் தாண்டியிருக்காது, ஊர் நெருங்கிவிட்ட மாதிரி போனில் "மணவூர் தாண்டிட்டேன்" என்பார்களே, அதற்கு மணவூரல் என்று பேர் வைத்தார். அப்புறம் வீட்டில் குளிக்காமல் உட்கார்ந்துகொண்டு "கிளம்பிட்டேன்" என்றவனும் மணவூரினான். ஆட்டோவில் மலை உச்சி வரை போய், கடைசிப் பத்துப் படியை மட்டும் ஏறிவிட்டு, முந்நூற்று அறுபத்தைந்தையும் ஏறியவர் போல இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவது படிமூச்சு. நெற்றி நிறையப் பட்டை அடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் மேனேஜர் ஒன்றும் கேட்கமாட்டார் இல்லையா? அது விபூதி பர்மிஷன். எங்கள் ஆபீசில் ஒருத்தர் ஞாபகமறதியாக ரிஜிஸ்டரிலேயே அப்படி எழுதி மாட்டிக்கொண்டார்.

நைனாவுக்கு ஒரே ஒரு குறை. எல்லோரும் வார்த்தையை எடுத்துக்கொள்கிறார்கள், யார் சொன்னது என்று ஒருவரும் சொல்வதில்லை. எதிர் டீக்கடையில் யாராவது படிமூச்சு என்றால் போதும், போட்டது போட்டபடி ஓடி, "அது என்னுது" என்று சொல்லிவிட்டு வருவார். அதற்குள் மிஷின் யாரோ ஒருத்தருடைய ஆதாரை நாற்பது காப்பி எடுத்துத் தள்ளியிருக்கும்.

அவர் வார்த்தைகளிலேயே பேர்போனது சாக்குமொட்டை. நடுமண்டை தெரிய ஆரம்பித்ததும் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, வேண்டுதல் என்று சொல்லித் திரிவது. முதன்முதலில் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்கு முடி இருந்தது.

மூன்றே வருஷத்தில் போய்விட்டது. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு இடத்தில் என் மண்டையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. மூன்றாவது அம்மையார்குப்பத்துப் பெண். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகத்தோடு போன என் பழைய போட்டோவிலோ சுருள் சுருளாக முடி. வேறு வழி தெரியாமல் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன்.

ஜாதகத்தைக் காப்பி எடுத்துக் கொடுத்த உரிமையில் நைனாவும் பெண் பார்க்கக் கிளம்பி, வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். என் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

பெண்ணின் அப்பா நாலு விசைத்தறி வைத்திருந்தார். காபி குடித்து முடித்ததும் என் தலையைப் பார்த்தபடி, "தப்பா நெனைக்காதீங்க. இது வேண்டுதல் மொட்டையா, சாக்குமொட்டையா?" என்றார்.

நைனாவுக்கு முகமெல்லாம் பல். வார்த்தை அம்மையார்குப்பம் வரைக்கும் வந்திருக்கிறதே!

பெண்ணின் அப்பா விடவில்லை. "எவரு கண்டுபிடிச்ச வார்த்தையோ தெர்லீங்க. ஆளு மட்டும் கெடைச்சா, என் தறியிலயே ஒரு சால்வை நெய்ஞ்சு போத்துவேன்."

இத்தனை வருஷமாக நைனா காத்திருந்த பேச்சு. எழுந்தே விட்டார். அவ்வளவுதான், நமக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நைனா எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது. "அப்டி ஒரு வார்த்தைய நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே. பையன் வேண்டிக்கினுதாங்க போட்டான். நான் கூடவே போயிருந்தேன்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில், "நைனா, இப்ப நீ சொன்னதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு வாடா" என்றார்.

கல்யாணமாகிப் பத்து நாளில், என் தலையைத் தடவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த நைனாவுக்குப் பொய்யே சொல்ல வர்ல, காதெல்லாம் செவந்து போச்சு. ஒருத்தர் உங்களுக்காக இவ்ளோ கஷ்டப்படறாரேன்னுதான் சரின்னு சொன்னேன்."

மாமனாருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. அவர் இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பவர். மாமா, சாக்குமொட்டை எங்கள் நைனாவின் வார்த்தை. என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம், முதலில் அந்தச் சால்வையைத் தறியில் ஏற்றிவிடுங்கள். அகலமாகவே நெய்யுங்கள், பார்க்கத்தான் ஒல்லி, ரொம்பப் பெரிய மனுஷர்.