குளம்புக்கு மசியாத பெட்டி

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற ஒரே பாறைக்குப் பக்கத்தில், ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம் இருந்தது. டீச்சர் ஒரு கொக்கு. மான்குட்டிக்கு ஓடவும், புலிக்குட்டிக்கு விரட்டவும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுக்கும். சம்பளம் தினம் நாலு மீன்.

ஒருநாள் நரி ஆபீசர் வந்தார். "நாலு மீன் கட்டுப்படியாகாது. இந்தப் பெட்டி வெயிலை மட்டும்தான் தின்னும். தரம் துளிகூடக் குறையாது" என்று ஒரு தொடுதிரை டேப்லெட்டைப் பாறையில் சாய்த்து வைத்தார். கொக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பெட்டி கேள்வி கேட்டது. மான்குட்டி மின்னி விடையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. குளம்பு பட்டால் பெட்டிக்குத் தெரியாதாம். புலிக்குட்டி வரியன் தொட்டான். கீறல் விழுந்தது. இனிமேல் பெட்டியைத் தொடக் கூடாது என்று நரி அவனைத் தள்ளி உட்காரவைத்தார்.

மின்னியின் அம்மா பொன்னரசி நாலு பேர் எதிரே பேசக் கூசுவாள். இருந்தாலும் பிள்ளை உயிராச்சே.

"சார், இவளுக்கு ஓடத் தெரியணும் சார். பக்கத்துப் புதர்லதான் வரியன் வளர்றான்."

"அதுக்கு ஏழாவது வீடியோ இருக்கும்மா."

"அதைத் திறக்கத்தான் சார் குளம்பு..."

"விரல் இருக்கிற யாரையாவது கூப்பிடும்மா!"

விரல் இருந்தது குரங்குக்குத்தான். பிள்ளைக்கு ஒரு நாவல்பழம் வீதம் வாங்கிக்கொண்டு எல்லார் பரீட்சையையும் அதுவே எழுதிற்று. பச்சை விளக்கு எரிகிறவரை அமுக்கிக்கொண்டே இருந்தது. மொத்த வகுப்பும் நூற்றுக்கு நூறு.

மழைக்காலம் போனது. வரியன் முழுப் புலியாகிவிட்டான். ஓடைக்கரையில் மின்னிக்கு நேரே வந்து நின்றான். அக்கரையில் பொன்னரசி.

"ஓடுடி!" என்று கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசினதே இல்லை.

"எப்படிம்மா?" என்றாள் மின்னி.

வரியன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். மோந்து பார்த்தான். "அடுத்து என்ன பண்ணணும், உனக்குத் தெரியுமா?" என்று அவளையே கேட்டான்.

"உன்னோடதும் குரங்குதானே எழுதுச்சு?"

இரண்டும் சேர்ந்து குரங்கிடம் போயின. "எனக்கென்ன தெரியும்? பச்சை வந்துச்சு, கையை எடுத்துட்டேன்" என்றது குரங்கு.

'இந்த வருஷம் புலி தின்ற மான் ஒன்றுகூட இல்லை. திட்டம் வெற்றி' என்று நரி மேலிடத்துக்கு எழுதினார்.

மறுநாள், வரியனின் அம்மா டியூஷன் கேட்டு நாலு மீனோடு கொக்கு வீட்டுக்குக் கிளம்புவதாகப் பேச்சு வந்தது. பொன்னரசி எட்டு மீனோடு முந்திக்கொண்டு போய் நின்றாள்.

"மின்னிக்கு டியூஷனா?" என்றது கொக்கு.

"ஐயோ, அவ்வளவு சிரமம் வேண்டாம் டீச்சர். யாருக்கும் எடுக்காம இருந்தீங்கன்னா போதும்."

நீதி: உன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாவிட்டால் பரவாயில்லை, பக்கத்துப் புதர்ப் புலிக்கும் ஏறாமல் பார்த்துக்கொள்.