அலறாத பெட்டி

பெட்டி மறுபடியும் அலறியது.

கொண்டெயினருக்கு வெளியே நின்ற சுதர்சினி அவசரமாக அலை அனுப்பும் கருவியை நிறுத்தினாள். நெளுக்குளத்தில் அந்தத் தெரு நாய்களெல்லாம் பதில் சொல்லி ஓயச் சற்று நேரம் எடுத்தது. உள்ளே யானை இல்லை. யானையின் நிழல்கூட இல்லை. இருந்தது, போனிலிருந்து வருவதைப் போன்ற வெறும் ரேடியோ அலை.

காட்டு யானை வயலுக்குள் இறங்கினால், அதன் உடற்சூட்டைக் கண்டு சைரன் அடிக்க வேண்டிய பெட்டி அது. தங்கராசாவின் பட்டறையில் சுதர்சினியே வடிவமைத்தது. போன போகம் செட்டிகுளத்துக் கமக்காரர் சங்கத்துக்குச் சிலவற்றைப் பரீட்சார்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பார்க்கப் போன இடத்தில், வரம்பில் நின்ற ஒருவரின் போன் அடிக்க, கூடவே பெட்டியும் அடித்தது. அவளுக்கு உயிர் போய் வந்தது. அங்கிருந்த யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மரியாதையான சனம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று பின்னேரம் சங்கத் தலைவி நாகேஸ்வரி பெரிய ஓடரோடு வருகிறார். இது கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு டிரக்டர் ஓட்டப் போவதாகத் தங்கராசா சொல்லிவிட்டார். சுதர்சினிக்கு டிரக்டரும் ஓட்டத் தெரியாது.

கொழும்பு ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் இந்தப் பழைய கொண்டெயினர். உட்சுவரெல்லாம் அலுமினியத் தகடு. ஒரு மூலையில், விசிறி மோட்டார் மெதுவாகத் திருப்பும் பெரிய தகட்டுத் துடுப்பு. கதவை இறுக்கிச் சாத்திவிட்டு அலையை அனுப்பினால், அது வெளியே போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் தெறிக்கும். துடுப்பு சுழலச் சுழல அதன் போக்கும் மாறும். கலியாணம் கட்டாத பெண் சாமத்தியச் சடங்கு வீட்டில் 'உனக்கு எப்ப?' என்ற கேள்விகளுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டிக்கு ஓர் இடி. இதைத் தாங்கினால் வெளியே எந்தப் போனுக்கும் அசையாது. இந்த உவமையைச் சுதர்சினி சொந்த அனுபவத்திலிருந்தே எடுத்திருந்தாள்.

சென்சருக்குப் போகும் வயர்தான் அலையைப் பிடிக்கிறது என்று அதை வெட்டிக் குறைத்தாள். பெட்டி முன்னரைவிட உற்சாகமாக அலறியது.

மத்தியானம் சாப்பிடப் போனாள். பாதியில் எழும்பி வந்து மறுபடி கருவியைப் போட்டாள். சத்தம் இல்லை. அலையைக் கூட்டினாள். அப்போதும் இல்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், துடுப்புக்குப் பின்னால் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"மழை இருட்டுது, தங்கச்சி. நனையாமல் கிடக்கட்டுமெண்டு நான்தான் வைச்சனான்," என்றார் தங்கராசா.

"அண்ணை, காயாத நெல்லு அலையைக் குடிச்சிடும். பெட்டி பாஸ் பண்ணேல்லை. உங்கட நெல்லுத்தான் பாஸ் பண்ணியிருக்கு."

மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே பெட்டியும் பிடித்துக்கொண்டது. மூட்டைகளை மூடப் படங்கைத் தேடி ஓடிய தங்கராசா அதன் பிறகு அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பெட்டியைத் தகரப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடினாள். அலை உள்ளே போகவில்லை, ஆனால் சென்சரும் குருடாகிவிட்டது. இனி யானை ரின்னின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் அதற்குத் தெரியாது. சென்சர் பார்க்க ஓர் ஓட்டை போட்டாள். அந்த ஓட்டையால் அலையும் வந்தது. ஓட்டையை மறைக்கவும் வேண்டும், மறைக்காமல் இருக்கவும் வேண்டும்.

அப்போதுதான் தங்கராசாவின் மனைவி சுமித்திராவின் குசினி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கம்பிவலைத் தேத்தண்ணி வடியை எடுத்துவந்து, பிடியை வெட்டி, வலையை ஓட்டையில் பற்றவைத்தாள். அதன் சின்னக் கண்களால் உடற்சூடு நுழையும், அலை நுழையாது. கதவைச் சாத்தினாள். துடுப்பு சுழன்றது. அலையை உச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

பெட்டி வாயே திறக்கவில்லை. மூட்டை ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். இல்லை.

நாகேஸ்வரி வந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. சுமித்திரா கொடுத்த தேத்தண்ணியில் தேயிலைத் தூள் மிதந்தது. தன் வடிக்கு என்ன நடந்தது என்று அவள் விசாரிக்கத் தொடங்கவும், சுதர்சினி விருந்தாளியைப் பெட்டியடிக்குக் கூட்டிப்போனாள்.

"போனைக் கிட்ட வைச்சு யாருக்காவது கோல் எடுங்கோ, அக்கா."

நாகேஸ்வரி எடுத்தார். பெட்டி சும்மா இருந்தது. போனை ரின்னோடு ஒட்டிப் பிடித்து மறுபடி எடுத்தார். அசைவில்லை. பற்றரி இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வி தங்கராசாவுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டுப் பெட்டிக்கு முன்னால் அசைந்து நடந்தார். சைரன் ஊரைத் தூக்கியது. நிமிர்ந்தவரின் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு.

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பழைய பெட்டிகள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சுதர்சினி குறுக்கிட்டாள். "ஏன் அக்கா? இதுதானே நல்லது. இது போனுக்கு அடிக்காது."

"ஆளுக்கு அடிக்கும், ஆனா யானை முன்னால வந்து நிண்டும் பழையது ஒருநாளும் அடிக்கேல்லை, பிள்ளை. பெட்டியோட ஒரு போனைக் கட்டிவிட்டு, யானையைக் கண்டா நாங்கள்தான் வீட்டில இருந்து கோல் எடுத்து அதை அடிக்கப் பண்ணுறனாங்கள்."