குட்டியானையோடு வரும்படி மாமாவுக்கு ஒரு விண்ணப்பம்

ஹொசகெரெ,
வியாழக்கிழமை

மார்டள்ளியில் மரவள்ளிக் காட்டோடும் காட்டுப்பன்றிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வேலாயுதம் பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகள் சொர்ணலதாவும் பேத்தி மனிஷாவும் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் எருமைகள் இரண்டும் சுகமாயிருக்க மாதேஸ்வரன் அருள்வாராக. நாங்கள் சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. அவர்கள் இருவரும் சுகம். நான் மட்டும் இல்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இது இரண்டே அறை உள்ள வீடு. நான் போனில் எதைச் சொன்னாலும் சொர்ணலதா காதில் விழும். சொல்லப்போவது அவள் காதில் விழக் கூடாத சங்கதி. பட்டறையிலிருந்து பேசினால் கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். ஆகவே மைசூர்ப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சாமான்களை ஏற்றி எங்களைத் திரும்ப மைசூருக்கே கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முன்னால் தங்கள் மகளிடம் பேசி அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நான்தான், மறுக்கவில்லை. மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் வெங்காய மண்டிக்கு மேலே ஒற்றை அறையில் நாங்கள் இருந்தது தங்களுக்குத் தெரியும். படி இறங்கினால் தள்ளுவண்டி, அதைத் தாண்டினால் ஸ்கூட்டர் என்று பயந்து பயந்து பிள்ளையை வெளியே விடாமலே வளர்த்தோம். வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம் ஆன பிறகு, "பாப்பாவுக்குப் பேச்சு வருமா?" என்று டீச்சர் கேட்டார். அன்று சொர்ணலதா சோறு தின்னவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, காதும் நாக்கும் நன்றாக இருக்கின்றன, ஓடியாட இடமும் கூட நாலு பிள்ளைகளும்தான் மருந்து என்றார். அந்த மருந்தைத் தேடித்தான் ஞாயிறுதோறும் சின்ன ஊர்களைச் சுற்றினேன். ஓர் ஊரில் வீட்டுக்காரர், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மீன் வறுக்கக் கூடாது, குழந்தை ஓடக் கூடாது என்றார். இன்னோர் ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரங்கு வந்து சொர்ணலதாவின் பையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்து, எங்கள் எலுமிச்சம் சாதத்தை எங்கள் எதிரிலேயே சாப்பிட்டது. மூன்றாவது ஊர் ஹொசகெரெ. ஏரி, ஏரிக்கரையில் புளியமரங்கள், தெருவில் ஒரு சத்தம் இல்லை. "சொர்ணா, பிள்ளை வளர்க்கன்னே செஞ்ச ஊரு!" என்று நான் கத்தியது ஏரிக்கு அக்கரையில் எதிரொலித்தது.

குடிவந்த பிறகுதான் தெரிந்தது மாமா, அன்றைக்கு ஊர் மொத்தமும் பக்கத்து ஊர்த் தேருக்குப் போயிருந்தது. எதிர்வீட்டில் மாவு மில். காலை ஆறு மணிக்கு அதை ஓட்டினால் எங்கள் தட்டுகள் தாமாகவே அலமாரியில் நடக்கும். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் நான் குளிக்கத் தயாராகும்போது நின்றுபோகும். மைசூருக்குப் போக ஒரே தனியார் பஸ். அதன் கண்டக்டர் காளிதாஸ், ஊர்க்காரர் யாராவது தூரத்தில் கை காட்டினால் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். நான் ஓடி வந்தால் மட்டும் விசில் ஊதுவார். பக்கத்து வீட்டுப் பசம்மா கதவைத் தட்டுகிற வழக்கமே இல்லாதவர். நேராக அடுக்களைக்குள் வந்து சட்டியைத் திறந்து, நான் வைத்த ரசத்தைக் கரண்டியில் மோந்து பார்த்து, "இது சாரா, நீரா?" என்று கேட்டார். ரசமா தண்ணீரா என்று அர்த்தமாம். சொர்ணலதா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அந்தியூர்க்காரன். ஏழு வருஷமாகப் பட்டறையில் தமிழ் ஆட்களோடே வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்த கன்னடம் வேண்டும், வேண்டாம் என்கிற 'பேக்கு', 'பேடா' இரண்டோடு சரி. தங்கள் மகள் மார்டள்ளியில் பிறந்தவள், இரண்டு பாஷையிலும் சண்டை போடுவாள். அவளுக்கு இந்த ஊர் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு வாய்தான் நனையவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை பட்டறை விடுமுறை. பத்து மணி சுமாருக்கு மனிஷாவைக் காணவில்லை. பசம்மா வீட்டில் இல்லை, பின்கட்டில் இல்லை, எங்கும் இல்லை. ஏரிக்கு ஓடினேன் மாமா. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பு இருந்தது. அது நம் பிள்ளையுடையது இல்லை, வேறு யாருடையதோ. ஆனால் அது நீலநிறம் என்று கண்ணில் படுவதற்குள் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுத முடியவில்லை. திரும்பி வந்தால் தெருவே தேடிக்கொண்டிருந்தது. எனக்குப் பேர்கூடத் தெரியாத ஆட்கள் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், வைக்கோல் போரைக் கலைக்கிறார்கள். பசம்மா தலைவிரி கோலமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறார். மில்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் மில்லை நிறுத்திவிட்டு அவரும் தேட வந்தார். மில் நின்றதும் ஊர் அமைதியானது. அப்போதுதான் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மைசூரு, மைசூரு, மைசூரு! பேக பன்னி, பேக பன்னி!"

யார் பெற்ற பிள்ளையோ, என்ன தொண்டை என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. சொர்ணலதாதான், "ஏனுங்க, நம்ம கண்ணுங்க!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஓடிப் போய்ப் பார்த்தால், காளிதாஸ் டீக்கடையில் இருக்கிறார். நம் மனிஷா பஸ் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பஸ்ஸைத் தட்டித் தட்டி, சீக்கிரம் வாருங்கள் என்று ஆள் சேர்க்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு நாலு பெரியம்மாக்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மூச்சிரைக்க எதிரில் போய் நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல், "ஒளகடெ ஹோகி, ஒளகடெ ஹோகி" என்றாள். உள்ளே போகச் சொல்கிறாள் என்று காளிதாஸ் கையை ஆட்டிக் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன் மாமா. கடைசி சீட்டில் உட்கார்ந்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெரியம்மாக்களில் ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

தாங்களே சொல்லுங்கள், இந்த ஊரில் எப்படி இருப்பது? இன்றைக்குப் படிக்கட்டில் ஏறியவள் நாளைக்குப் பஸ்ஸோடு போய்விட மாட்டாள் என்று என்ன நிச்சயம்? பிள்ளை வாய் திறக்க வேண்டும் என்று வந்தோம். திறந்துவிட்டது. ஆனால் இப்போது வீட்டிலும் கன்னடத்திலேயே பொழிகிறாள். பசம்மா பதில் சொல்கிறார், சொர்ணலதா சிரிக்கிறாள், நான் நடுவில் பட்டணம் பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அவள் வெளியே வாய் திறப்பாளா என்று ஆறு வருஷம் காத்திருந்தவன் நான். எனக்கு மட்டும் விளங்காமல் போனால் அது நியாயமா?

ஆகவே தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரவும். கயிறும் தார்ப்பாயும் கொண்டுவரவும். இந்தக் கடிதம் பற்றித் தங்கள் மகளிடம் மூச்சு விட வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். காடு கழனி செழிக்கவும், பன்றிகளுக்கு நல்ல புத்தி வரவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
வேலாயுதம்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்து சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துவைக்க எடுத்த சொர்ணலதா முழுவதும் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "எங்கப்பா வரட்டுங்க. கயிறு வேண்டாம், ஊஞ்சல் கட்டப் பலகை மட்டும் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். அப்படியே செய்யவும். குட்டியானை வேண்டாம், அத்தையோடு பஸ்ஸில் வரவும். உறையில் விலாசம் எழுதும்போது மனிஷா மடியில் வந்து உட்கார்ந்து, யாருக்கு என்று கேட்டாள். தாத்தாவுக்கு என்றேன். உடனே என் கையைப் பிடித்து, "நம்மூரிகெ பா அந்த பரெ" என்றாள். யாரையும் கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது மாமா. நம்மூருக்கு வா என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.