என் பக்கத்து வயலின்

இனிமேல் காரில் நான் வாயே திறக்கக் கூடாதாம். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் போட்ட முதல் சட்டம்.

காரணம், பாட்டு. மூன்று வாரமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியிலிருந்த சிடிக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுத்து, எல்லாவற்றையும் 'லாஸ்லெஸ்' ஆக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றியிருந்தார்.

"எம்பி3 எல்லாம் வெறும் சக்கை. பாதி சத்தத்தைப் பிழிஞ்சு எறிஞ்சிடுவான். இதுல ஒரு துளிகூட இழப்பு கிடையாது. பாடுறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும்!"

"குளியலறைக் குழாய் ஆறு மாசமா சொட்டுதே, அது கேக்குதா?"

"பேச்சை மாத்தாதே."

எனக்கோ இது வாழ்வா சாவா பிரச்சினை. வீட்டில் நான் ஆரம்பித்தால் மனிதர் மாடிக்குப் போவார். நானும் மாடிக்குப் போனால் தெருவுக்குப் போவார். சனிக்கிழமை கடைக்குப் போகும் நாற்பது நிமிடம்தான் பெல்ட் போட்டுக் கட்டிவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அதற்கும் வந்தது வேட்டு.

அந்தச் சனிக்கிழமை கண்ணாடிகளை ஏற்றினார். ஃபேன் இரைகிறதாம், ஏ.சி.யை அணைத்தார். நான் ஆவியில் வெந்தேன்.

"கண்ணை மூடிக் கேளு. உன் பக்கம் வயலின், என் பக்கம் டிரம்ஸ். எவ்வளவு துல்லியம்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் குட்டிக் காருக்குக் கம்பெனி கொடுத்ததே முன்கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்.

"என்னங்க, அந்த ஸ்பீக்கர்..."

"உஷ்!"

சரி. உஷ் என்றால் உஷ்.

அடுத்த சனிக்கிழமை வண்டி கிளம்புமுன் கேட்டேன்.

"என் பக்கத்து வயலின் இன்னிக்கும் கேக்குதா?"

"வில்லு கம்பியில உரசுறதே கேக்குது! உன் மடியில உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

"அது பொய்னு நிரூபிச்சா ஏ.சி. போடுவீங்களா? நான் பேசலாமா?"

"தாராளமா பேசு. குழாய் ரிப்பேர்காரரையும் இன்னிக்கே கூப்பிடுறேன்."

பையைத் திறந்தேன். பழைய துண்டில் சுற்றியிருந்த வட்டச் சாமானை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"என்னது இது?"

"என் பக்கத்து ஸ்பீக்கர். முழங்காலண்ட கரகரன்னு கத்துச்சு. ரெண்டு மாசம் முன்னாடி சர்வீஸுக்கு விட்டப்ப மெக்கானிக்கிட்ட சொல்லிக் கழட்டி வாங்கிட்டேன். கதவுல இருக்கிறது வெறும் மூடி."

பேயறைந்த மாதிரி ஸ்பீக்கரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என் மேல் சரிந்து குனிந்து கதவில் காதை வைத்தார். பாவம், வயலின் வரவில்லை.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"பேசக் கூடாதுன்னீங்களே."

பாட்டை நிறுத்தினார். ஏ.சி.யைப் போட்டார். நாற்பது நிமிடமும் நான் பேசினேன், ஒரு துளிகூட இழப்பில்லாமல்.