பிரிக்பீல்ட்ஸ் பூங்காவில் புல் வெட்டிய விவரம்

பிரிக்பீல்ட்ஸ்,
1943, ஐப்பசி

சௌபாக்கியவதி வீரம்மாவுக்கு உன் கணவன் கன்னையா ஆசையோடு எழுதுவது. நான் இங்கே சுகம் என்று முறைப்படி எழுத வேண்டும். இடுப்பைத் தவிர மற்ற பாகமெல்லாம் சுகம். கேரி தீவில் நீயும் குழந்தை ரமணியும் உன் அண்ணன் விஜயன் மச்சானும் நலமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. சாப்பாட்டுக்கடை கௌஸ் பாயின் மைத்துனர் அகமது உங்கள் தோட்டத்துப் பக்கம் உப்பு விற்கப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்க வழியில்லை, அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ரமணிக்குக் கொசுக்காய்ச்சல் வந்ததால்தானே நீங்கள் போனீர்கள்? போன பிறகு வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லாமல், நானே உன் குரலில் என்னைத் திட்டிக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றேன். நம் வீட்டு எதிரே இருக்கும் பூங்காவை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. ஜப்பான் சண்டை வந்த நாளிலிருந்து அதைக் கவனிக்க ஆளில்லை. லாலான் புல் என் தோள் உயரம். சாக்கடை அசையாமல் நிற்கிறது. பகலெல்லாம் அங்கே குடித்தனம் நடத்தும் கொசுக்கள் சாயங்காலமானால் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கௌஸ் பாய் கடையில் எழுந்து நின்று, “யாராச்சும் வந்து சுத்தம் பண்ணுவாங்கன்னு காத்திருந்தா நம்ம பிள்ளைங்க பொழைக்காது. நாமளே இறங்குவோம், யாரெல்லாம் வரீங்க?” என்று கேட்டேன். கடையே கைதட்டியது. மறுநாள் காலை கைதட்டியவர்களில் ஒருவரும் இல்லை. கௌஸ் பாய் மட்டும் மண்வெட்டியோடு நின்றார். “கடையில விக்க ஒண்ணுமில்லண்ணே, அதான் வந்தேன்” என்றார்.

இருவரும் வெட்டினோம். வெட்டிய புல் மலையாய்க் குவிந்தது. “கொளுத்தினா போதும்லா, கொசு கிள்ளான் வரைக்கும் ஓடிரும்” என்றார் பாய். கொளுத்தினோம். காற்று திரும்பிவிட்டது. கொசு ஓடவில்லை, தெருதான் ஓடியது. பாயின் மனைவி லத்தீஃபா துவைத்த துணியோடு இருமிக்கொண்டே வந்து, “ஏன் கன்னையாண்ணே, கொசுவ வெரட்டச் சொன்னா எங்கள வெரட்டுறீங்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் புகையைப் பார்த்து ஒரு ஜப்பான் லோரி வந்து நின்றது.

வீரம்மா, அது சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஆள் பிடிக்கிற லோரி. தெருவில் சும்மா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை. அதிகாரி இறங்கியதும் நான் குனிந்த குனிவில்தான் இடுப்பு போயிற்று. புகையைக் காட்டி ஏதோ கத்தினார். நான் “ஞொய்ங்” என்று கொசு மாதிரி பாடி, என் கன்னத்தில் நானே அறைந்து, காய்ச்சல்காரன் போல நடுங்கிக் காட்டினேன். நடுக்கத்துக்கு நடிப்பு தேவைப்படவில்லை. “நியாமுக் துவான், நியாமுக்!” என்று பாய் மலாயில் ஐயா போட்டுக் கொசுவுக்குப் பெயர் சொன்னார். அதிகாரி சட்டைக்கையை மடக்கிக் காட்டினார். அங்கேயும் தடிப்புத் தடிப்பாய்க் கொசுக்கடி! சிரித்துவிட்டார்.

அப்போதுதான் லோரியின் பின்னால் பார்த்தேன். நம் பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணன், பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவர், கையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். ஆமாம், துணிக்கொடிச் சண்டையிலிருந்து உன்னோடு பேச்சு வார்த்தை இல்லாத அதே ஆள்தான். கோபிக்காதே. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. “துவான், அவரு எங்க ஆளு. புல்லு வெட்ட வரவேண்டியவரு, நேரமாயிடுச்சு.” பாய் அதை மலாயில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இறங்கு என்று கைகாட்டினார். ராதாகிருஷ்ணன் குடையை விட்டுவிட்டு, வெறுங்கையால் புல்லைப் பிடுங்கிக்கொண்டே அழுதார். லோரியில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் எங்கள் ஆட்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து புல்லை அள்ளினேன். லோரி போய்விட்டது. அந்த முகங்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, நேரில் சொல்கிறேன்.

புல் வெட்டுகிறவனை லோரி தொடாது என்ற செய்தி அன்றிரவே தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் விடிந்தால் பூங்காவில் புல்லை விட ஆட்கள் அதிகம்! அன்றைக்குக் கைதட்டியவர்கள், தட்டாதவர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள். ஆயுதம் கிடைக்காமல் ஒருவர் தோசைக்கரண்டியோடு வந்தார். ஒரே புல்லுக்கு இரண்டு பேர், “நான்தான் மொதல்ல பார்த்தேன்” என்று சண்டை. ராதாகிருஷ்ணன்தான் மேஸ்திரி, உன்னிடம் காட்டிய அதே அதட்டல், இப்போது ஊருக்குப் பயன்படுகிறது. லோரி இரண்டு தடவை வந்து, வேலை செய்கிறவர்களைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிற்று. சாக்கடை ஓடுகிறது. நேற்று இரவு என்னை நானே ஒரு தடவை கூட அறைந்துகொள்ளாமல் தூங்கினேன்.

ஆகவே நீங்கள் கிளம்பி வாருங்கள். தோட்டங்களிலும் ஆள் பிடிக்கிறார்கள் என்று அகமது சொல்கிறார். விஜயன் மச்சானைத் தனியே விட்டு வராதே. அவருக்கென்று ஒரு மண்வெட்டி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். ரமணி ஓடி விளையாடப் பூங்கா பாய் விரித்த மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு என் முத்தங்கள், மச்சானுக்கு வணக்கம், உனக்கு இந்தக் கடிதத்தில் எழுத முடியாதவை எல்லாம்.

உன்
கன்னையா

பி.கு.: காலையிலிருந்து பின்கட்டில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தை மடிக்கும்போது கௌஸ் பாய் ஓடி வந்தார். இவ்வளவு சுத்தமான இடம் ஊரில் இல்லை என்று அதிகாரி மெச்சினாராம், உடனே பூங்காவைப் பட்டாளத்து லோரிகள் நிறுத்த எடுத்துக்கொண்டார்களாம், முள்கம்பி போட்டாயிற்று. கொசு இல்லாததால் காவல் சிப்பாய் நின்றபடியே தூங்குகிறானாம். நீங்கள் பயணத்தை மாற்ற வேண்டாம். சாக்கடையை எங்களுக்கே விட்டுவிட்டார்கள். ராதாகிருஷ்ணன் அளந்து பார்த்துவிட்டார்: அது ஊர்க்கோடியில் இருக்கும் செந்தூல் வரைக்கும் போகிறதாம், சண்டை முடிகிற வரைக்கும் வேலை இருக்கிறதாம்.