காலேஜ் காமெடி பேசிக் கை நனைத்த கதை

ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளின் கல்யாணத்தை, அவளைக் கேட்காமல், நான் ஒருமுறை நிச்சயம் செய்திருக்கிறேன். கோபத்தில் செய்யவில்லை. கௌரவத்துக்காகவோ சொத்துக்காகவோ செய்யவில்லை. கத்தரிக்காய்க் காரக்குழம்பு நன்றாக இருந்தது, பேச்சு சுவாரஸ்யமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படி என்ன பேச்சு என்று சொன்னால் இன்னும் கேவலம். காலேஜ் காமெடிப் படங்கள் வரவர எப்படிக் கெட்டுப்போய்விட்டன என்பதுதான் அன்றைய பேச்சு.

நான் தஞ்சாவூரில் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் பையில் கட்டி எடுத்துவரும் மண்ணைப் பரிசோதித்து, 'சத்து குறைஞ்சுபோச்சு' என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தைந்து வருஷமாகக் 'குறைஞ்சுபோச்சு' சொல்லிச் சொல்லி, வாய் அதற்கே பழகிவிட்டது. காப்பியில் மணம் குறைஞ்சுபோச்சு, பஸ்ஸில் மரியாதை குறைஞ்சுபோச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, சினிமாவில் காமெடி குறைஞ்சுபோச்சு. அதிலும் காலேஜ் பசங்க படம் என்றால் எனக்குத் தனி ஆவேசம் வரும்.

"எங்க காலத்துல ஹாஸ்டல் மெஸ்ஸ வச்சே அரை மணி நேரம் சிரிக்க வப்பாங்க. அரியர் வச்சவன் அப்பாகிட்ட மார்க் ஷீட்ட மறைக்கிறத வச்சு இன்னொரு அரை மணி நேரம். இப்ப என்ன இருக்கு? ஒருத்தன் குண்டு, ஒருத்தன் குள்ளம், எல்லாரும் குடிக்கறாங்க. இதுக்குப் பேர் காமெடியா?" என்று டி.வி. முன்னால் நின்று பேசுவேன்.

என் மகள் நிவேதா சென்னையில் வேலை பார்ப்பவள். லீவுக்கு வந்தால் இந்தப் பிரசங்கத்தை அசராமல் கேட்பாள். கேட்டுவிட்டு, "உங்க படத்துல ஃபர்ஸ்ட் இயர் பையனுக்குக் காதோரம் நரைச்சிருக்குப்பா" என்பாள்.

"அது பவுடர்மா."

"காதுலயா பவுடர் போடுவாங்க?"

(வாஸ்தவத்தில் அந்த நடிகருக்கு அப்போது என் அப்பா வயசு. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு "நான் ஃபர்ஸ்ட் இயர் சார்" என்பார். தியேட்டரே நம்பியது. நானும் நம்பினேன்.)

நிவேதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்திவந்தது. பையன் விக்னேஷ் பெங்களூரில் வேலை பார்த்தான். அப்பா கல்யாணசுந்தரம் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நிவேதாவும் பையனும் கால் மணி நேரம் தனியாகப் பேசினார்கள்.

"மோசமில்லப்பா. ஆனா எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசம் பேசிப் பாக்கறேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு எதுவும் முடிவு பண்ணிடாதீங்க" என்றாள். அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். "உன்னக் கேக்காம ஒரு துரும்பு அசையாது" என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன்.

அடுத்த வாரம் கல்யாணசுந்தரம் போன் செய்தார். "நீங்களும் ஒருதரம் வந்து வீட்ட பாத்துட்டுப் போங்க" என்றார். முறைப்படி போகவேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், கேசரி, பஜ்ஜி சாப்பிடலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டால், 'எங்களுக்குச் சம்மதம்' என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டால்கூட அழித்துவிடலாம், ரசஞ்சாதம் சாப்பிட்டால் முடிந்தது கதை.

கும்பகோணம் பஸ்ஸில் போகும்போதே என் மனைவி வசந்தா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, பலகாரத்தோட நிறுத்திக்கணும். இலைய எடுத்தா எழுந்து வாசலுக்கு வந்துடுங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னா கேக்குமே" என்றாள்.

வீடு நல்ல வீடு. கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கேசரி வந்தது, காப்பி வந்தது. நிலம், வேலை, உறவு எல்லாம் பேசி முடித்து, இனி என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு தரப்பும் டி.வி.யைப் பார்த்தோம். அதில் நாலு காலேஜ் பசங்க வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "தரம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு சார்" என்றேன்.

கல்யாணசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மனுஷனுக்குக் கண் மின்னியதை நான் பார்த்தேன். "கரெக்டா சொன்னீங்க. எப்பத்துலேருந்து குறைஞ்சுதுன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"ரெண்டாயிரத்துக்கு அப்பறம் சார். எங்க காலேஜ் டைம்ல வந்த படமெல்லாம் தங்கம்."

"உங்க டைம்லதான் சார் கெட்டுதே!" என்றார். "எங்க காலத்துல வாயால சிரிக்க வச்சாங்க. உங்க காலத்துலதான் ஒருத்தன் இன்னொருத்தனை உதைச்சா காமெடின்னு ஆரம்பிச்சாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் கட் அடித்துவிட்டுப் போய் ஏழு தடவை பார்த்த படங்களை ஒரு மனுஷன் இப்படிப் பேசலாமா? பெண்ணின் அப்பா என்பதெல்லாம் மறந்துபோய் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டேன். லீவில் வந்திருந்த பையன் விக்னேஷும் சேர்ந்துகொண்டான். "ரெண்டு பேரும் சொல்றது தப்பு. நான் ஸ்கூல் முடிக்கிறப்ப வந்த படங்கதான் பெஸ்ட். அதுக்கப்பறம்தான் குப்பை" என்றான். ஆளாளுக்கு அவரவர் பதினெட்டு வயசில் பார்த்த படத்தோடு காமெடி செத்துப்போனதாகச் சாதித்தோம். யாருக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

இதற்கிடையில் பையனின் அத்தை வசந்தாவை மாடியும் கொல்லையும் காட்ட அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்திருக்கிறாள். நான் அந்தச் சமயம் ஹாஸ்டல் வார்டன் மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பையனின் அம்மா மீனாட்சி வந்து, "அண்ணே, ஒருவாய் சாப்பிடலாமா?" என்று கேட்டாராம். நான் கையை ஆட்டி, "ம்... ம்..." என்றேனாம். (நான் ஆட்டியது, 'கொஞ்சம் இருங்க, பாயிண்டுக்கு வர்றேன்' என்பதற்காக.) பிறகு கை கழுவச் சொன்னார்கள், கழுவியிருக்கிறேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறேன். வாழைப்பூ வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "மெஸ் சீன்ல அந்த வடை தரையில எம்பிக் குதிக்கும் பாருங்க, அதுதான் சார் காமெடி!" என்று விளக்கியது நினைவிருக்கிறது. காரக்குழம்பு பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதும் நினைவிருக்கிறது. அது இலை என்பது மட்டும் நினைவில் ஏறவில்லை.

மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கூடத்தில் பேச்சு நின்றது. நிமிர்ந்தேன். வசந்தா கொல்லைப்பக்க வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் மோரில் இருந்தன.

சட்டென்று கையை எடுத்தேன். அதற்குள் உள்ளே மீனாட்சி போனில் யாரிடமோ, "ஆமாக்கா, கை நனைச்சுட்டாங்க! பாயசமே ரெண்டு டம்ளர்!" என்று ஆனந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் வசந்தா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். அய்யம்பேட்டை தாண்டியபோது, "குழம்பு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது அன்றைக்குப் புத்தி இருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. யார் யாரோ போன் செய்து முகூர்த்தம் எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் நிவேதாவுக்கே போன் செய்து வாழ்த்தியிருக்கிறார். தன் கல்யாணம் நிச்சயமான விஷயம் என் மகளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பையோடு வந்து இறங்கினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், "உங்க ஃபேவரைட் காலேஜ் படத்தப் போடுங்கப்பா. எதுக்காக என்னைக் குடுத்தீங்கன்னு பாக்கணும்" என்றாள்.

போட்டேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். மெஸ் சீன் வந்தது, அவளே சிரித்துவிட்டாள். (இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.) அதற்கப்புறம்தான் சோதனை. ஹீரோ ஒரு பெண்ணைத் துரத்துகிறார். பஸ்ஸில் துரத்துகிறார், லைப்ரரியில் துரத்துகிறார், அவள் அழுகிறாள், நண்பர்கள் சிரிக்கிறார்கள், வாத்தியார்கூடச் சிரிக்கிறார். ஏழு தடவை பார்த்த எனக்கு அவள் அழுதது ஞாபகமே இல்லை. கடைசியில் இரண்டு அப்பாக்களும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், பாட்டு, பந்தி, சுபம்.

நான் டி.வி.யை அணைத்தேன்.

"அப்படியே உங்க படம் மாதிரியே செஞ்சுட்டீங்கப்பா. எல்லாரும் நல்லா சிரிச்சீங்க, வயிறு நிறைய சாப்பிட்டீங்க, கல்யாணம் முடிவாயிடுச்சு. இதுல எந்த இடத்துலயாவது பொண்ண யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

"தப்புதாம்மா. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நான் சாப்பிட்டது கணக்குல வராதுன்னு. நீ என்ன சொல்றியோ அதுதான்னு."

மறுநாள் காலை தனியாகப் போனேன். பாபநாசம் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது, இன்னும் மெதுவாகப் போகக் கூடாதா என்று இருந்தது எனக்கு. சாப்பிட்ட வீட்டுக்கே போய், 'சாப்பிட்டதைச் சம்மதமாக எடுத்துக்காதீங்க' என்று சொல்ல எந்த முகத்தோடு போவது? இந்த முகம்தான் இருந்தது, அதோடு போனேன்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். நிவேதா படத்தைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். மீனாட்சியின் முகம் சுருங்கிவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே என்று அந்த அம்மாவுக்கு. எழுந்து உள்ளே போனவர் சமையலறை வாசலில் நின்று, "காப்பி குடிப்பீங்கல்ல? இல்ல, அதுக்கும் பொண்ணக் கேக்கணுமா?" என்றார். எனக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்த விக்னேஷுக்குக் கல்யாணசுந்தரம் ஸ்பீக்கரில் போன் போட்டார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு என்னை மட்டும் யாரு கேட்டா அங்கிள்? நான் படத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன், எழுந்து பாத்தா எனக்குக் கல்யாணம்" என்றான்.

கல்யாணசுந்தரம் மீசையைத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "சார், அன்னிக்கு எல்லாம் குறைஞ்சுபோச்சு, குறைஞ்சுபோச்சுன்னு பேசினோமே. எங்க காலத்துப் படத்துலயும் பொண்ண யாரும் கேக்கல, உங்க காலத்துலயும் கேக்கல. அந்த ஒரு விஷயத்துல மட்டும் தரம் குறையவே இல்ல சார்!" என்றார்.

இரண்டு மாசம் நிவேதாவும் விக்னேஷும் பேசினார்கள். ஒத்துவரவில்லை என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. ஆனால் எனக்கும் கல்யாணசுந்தரத்துக்கும் பேச்சு முடியவில்லை. புதுப் படம் எதுவாவது வந்தால் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து திட்டிக்கொள்கிறோம்.

இரண்டு வருஷம் கழித்து நிவேதா, கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று அவளாகவே வந்து சொன்னாள். கல்யாணம் தஞ்சாவூரில்தான். கல்யாணசுந்தரத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், வரமாட்டார் என்று நினைத்தேன். மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தியில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். என் மச்சினன் பதறிப்போய், "என்ன சார், ஏதாவது குறையா?" என்று கேட்டான்.

"கல்யாணப் பொண்ணக் கூப்பிடுங்க" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. நிவேதா மேடையிலிருந்து கூறைப்புடவையோடு இறங்கி வந்தாள். அவர் இலையைக் காட்டி, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, நான் கை நனைக்கலாமா?" என்றார்.

நிவேதா அவரைப் பார்த்தாள். அடுத்த வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாராளமா சாப்பிடுங்க அங்கிள். இந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பூரண சம்மதம்" என்றாள். பக்கத்து இலையில் மீனாட்சியும் சிரித்துவிட்டார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அழுதேன் என்று சொன்னால்தான் என்ன.

அன்றைக்குப் பிடித்தது இந்த வழக்கம். எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும், எனக்கு இலை போட்டவுடன் எவராவது, "நிவேதாகிட்ட கேட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். அவள் அங்கே இல்லாவிட்டால் போன் போட்டுக் கொடுப்பார்கள். அவளும் வேலைக்கு நடுவில் போனை எடுத்து, "சாப்பிடட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுகிறவரை நான் சோற்றில் கை வைப்பதில்லை.